தையல் டீச்சரைத் தூக்கிய துணி

அளவு நாடாவின் ஒரு முனையை டீச்சரின் வால் எலும்பருகே வைத்து, மறு முனையை முதுகு வழியாக உச்சந்தலை வரை இழுத்தபோது, ஒருக்களித்துக் கிடந்த அவர் சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். "முப்பது வருஷமா ஊருப் புள்ளைகள எல்லாம் நான் அளந்தேன். இண்டைக்கு என்னய அளக்குறாங்க. அதுவும் படுக்கப் போட்டு." நாடாவும் அவருடையதுதான். என்னுடையது பையில் இருந்தது. அதை வெளியே எடுத்ததும், கடையில் வாங்கிய நாடா பழசானால் இழுபடும், அளவு பொய் சொல்லும் என்று தன் தையல் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நோயாளியைப் பார்க்கப் போன முதல் நாளே என் சாமானைக் குறை சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் நான். அங்கே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கிடத்தி நாலு பேர் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வருவார்கள். ஓர் ஆளைத் தூக்குவது என்றால் தோள் பலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை செய்தேன். தோளால் தூக்குகிறவர்களின் இடுப்பு எத்தனை வருஷத்தில் போகும், தூக்கப்படுகிறவர்களின் தோல் எந்த இடத்தில் கிழியும், ஏந்தித் தூக்க எந்த உடம்புக்கு எந்தத் துணி, எந்தக் கொக்கி என்பதெல்லாம் அங்கே படித்தது. திரும்பி வந்து உக்குவளையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, மாத்தளை, யட்டவத்த என்று வீடு வீடாகப் போய் அந்த வேலையைத்தான் செய்கிறேன். இதில் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் அதிகம் இல்லை. அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் உள்ளபடியே சொல்கிறேன்.

டீச்சர் உள்ளூர்ப் பாடசாலையில் தையல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் தையல் டீச்சர்தான், எனக்கும் அப்படியே. ஒரு மழை நாளில் பின்வாசல் படியில் சறுக்கி விழுந்து முள்ளந்தண்டை நொறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால்களை மீட்டுக் கொடுக்க அவர்களாலும் முடியவில்லை. இடுப்புக்கு மேலே ஆள் முழுசாக இருந்தார். கையில் பலம், குரலில் பலம், வாய்ப் பேச்சில் அதைவிடப் பலம். நான் போனபோது அவர் கட்டிலோடு கிடந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மகனுக்குக் கொழும்பில் வேலை, சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் மருமகள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, படுக்கை விரிப்பின் மூலைகளை இருவருமாகப் பிடித்து, மாமியாரைப் புரட்டி இழுத்துச் சமாளித்திருக்கிறார். அதில் மருமகளின் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. டீச்சரின் வால் எலும்புக்கு மேலே ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை, சிவப்பாகவே இருந்தது. அங்கே புண் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மகன் கெட்டவர் இல்லை. மனைவியின் இடுப்பும் போய்விடும் என்று பயந்த மனிதர். கண்டியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பேசி வைத்திருந்தார். "இங்க தூக்க ஆளில்ல உம்மா. அங்க ரெண்டு ஆம்புளப் புள்ளைகள் ஈக்குறாங்க, சுகமாத் தூக்கிருவாங்க" என்று அவர் சொன்னதுதான் டீச்சரை நடுங்க வைத்தது. அழுதும் சண்டை போட்டும் டீச்சர் மகனிடம் ஒரு தவணை வாங்கியிருந்தார். மாதம் முடிவதற்குள் ஆண்கள் துணையில்லாமல், மருமகளின் இடுப்பு நோகாமல், அவரைக் கட்டிலிலிருந்து எடுத்து இருத்த முடிந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் கண்டி. அந்த மாதத்தில் பதினாலு நாள்கூட, அதாவது இரண்டு கிழமைகூட, மிச்சம் இல்லை.

முதல் நாள் நான் புறப்படும்போது டீச்சர் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். "புள்ள, எனக்குப் பெருசா ஒரு ஆசையும் இல்ல. கக்கூசுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டுத் தனியா ஒக்காரணும். என்ட கையால தண்ணி ஊத்திக் கழுவணும். நாலு மாசமா என்னய மத்தவங்க கழுவுறாங்க. தொழ நெனச்சா மனசு ஒட்டுதில்ல." மருமகள் அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கக்கூடாது என்று டீச்சர் குரலைத் தாழ்த்தியிருந்தார். நல்ல மருமகளை நோகடிக்காமல் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது. ஒரு கிழமையில் இருத்திக் காட்டுகிறேன் என்றேன். அந்த வாக்கைக் கொடுக்கும்போது எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

தவணைக்கு ஒத்துக்கொண்ட மகன், தூக்கும் மெஷின் ஒன்றைக் கொழும்பில் பழைய சாமானாக மலிவாக வாங்கி அனுப்பியிருந்தார். சக்கரம் வைத்த இரும்புக் கால், நடுவில் ஒரு தூண், மேலே ஒரு கை, அதன் நுனியில் நாலு கொக்கி போட்ட சட்டம். மெஷின் நல்ல மெஷின்தான். ஆனால் அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டுமே! கட்டிலுக்கு அடியில் மிளகு மூட்டையும் ஜாதிக்காய்ப் பெட்டியும் அடைந்து கிடந்தன. அவற்றை இழுத்துப் போட்ட பிறகும் இடம் போதாமல், கட்டில் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். வீட்டுக்கு மெஷின் வாங்குகிறவர்கள் மெஷினைத்தான் பார்க்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மெஷினோடு மூன்று தூக்குத் துணிகளும் ஓர் அரிசிப் பையில் வந்திருந்தன. ஒன்றின் முனைகளில் பிளாஸ்டிக் கிளிப். எங்கள் மெஷினில் இருந்ததோ நாடா வளையம் மாட்டும் கொக்கி. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. "கயித்தால கட்டிக்கலாமே" என்று மகன் போனில் சொன்னார். "கட்டலாம் சார். உம்மாவ இல்ல, மிளகு மூட்டைய" என்றேன். இரண்டாவது துணியில் அளவும் தாங்கும் பாரமும் எழுதிய பட்டி, துவைத்துத் துவைத்து வெள்ளையாகப் போயிருந்தது. எவ்வளவு தாங்கும் என்று தெரியாத துணியில் நான் ஆளைத் தூக்குவதில்லை. மூன்றாவது மிகப் பெரியது. "பெருசா ஈந்தா வசதிதானே அக்கா?" என்று மருமகள் கேட்டார். வளரும் பிள்ளைக்குச் சட்டை வாங்குகிற யோசனை அது. தூக்குத் துணி பெரிதாக இருந்தால் உடம்பு அதற்குள் மடங்கி, கீழ்ப்பக்கமாக வழுக்கிப் போகும். சிறிதாக இருந்தால் தொடையை அறுக்கும். டீச்சர் துணிகளை வாங்கி, தையல் ஓரங்களை நகத்தால் இழுத்துப் பார்த்தார். பெரிய துணியைப் பிடித்துக்கொண்டு, "இதச் சின்னதாக்க எனக்கு அர மணித்தியாலம் போதும்" என்றார். தூக்குத் துணியில் ஊசி படவே கூடாது, தாங்கும் பலம் போய்விடும், ஊசி போட்டால் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றேன். ஒரு தையல் டீச்சரிடம் அப்படிச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் என்னிடம் இருந்த துணியில் ஒன்றையே கொண்டுபோனேன். கக்கூசுக்குப் போகிறவர்களுக்கென்றே தைத்தது. அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி ஓர் அகலப் பட்டி, தொடைக்கு அடியில் இரண்டு பட்டி, நடுவில் பெரிய திறப்பு. போடுவது எளிது, உடுப்பை விலக்குவதும் எளிது. ஆனால் எல்லோருக்கும் அது ஆகாது. முதுகை நிமிர்த்தி இருக்கத் தெரிய வேண்டும், சொன்னதைப் புரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாக இரண்டு கைகளையும் பட்டிக்கு வெளியே கீழ்நோக்கி வைத்திருக்க வேண்டும். கையை மேலே தூக்கினால் தோள் ஒடுங்கும், உடம்பு பட்டிக்குள்ளால் நழுவும். டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னேன். "விளங்கிச்சு" என்றார், வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் தொனியில். வெளிநாட்டில் எத்தனையோ பேரை இதே துணியில் தூக்கியிருக்கிறேன். ஒவ்வொரு விதியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் டீச்சர் தேறினார்.

திங்களும் செவ்வாயும் கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்கிப் பழக்கினேன். கை இரண்டும் தொடையருகே ஒட்டியபடி, பாடசாலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளையைப்போல அசையாமல் தொங்கினார். மருமகள் ரிமோட்டை அழுத்தப் பழகிக்கொண்டார். மெஷினின் பிரேக்கைப் போடக்கூடாது, அவர் உட்காரப்போகும் கதிரையின் பிரேக்கைத்தான் போட வேண்டும் என்பதைத் தலைகீழாகச் சொல்லி இரண்டு முறை என்னிடம் திட்டு வாங்கினார். ஆளைத் தொங்கவிட்டு வீடெல்லாம் உருட்டக்கூடாது. கட்டிலிலிருந்து, இருக்கையில் ஓட்டையும் கீழே சக்கரமும் வைத்த கொமோட் கதிரைக்கு மெஷினில் மாற்ற வேண்டும், பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு கக்கூசுக்குப் போக வேண்டும். புதன்கிழமை அந்த முழுப் பயணத்தையும் செய்வதாக முடிவு செய்தோம். டீச்சர் காலையிலேயே தலை வாரி, நல்ல கவுன் ஒன்றைப் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார்.

கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் அவர் தொங்கிக்கொண்டிருந்தபோது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் இரண்டு வீடு தள்ளித்தான். ஒலிபெருக்கி கரகரத்த அந்த நொடியில் டீச்சரின் இரண்டு கைகளும் மேலே போயின. தோளில் கிடந்த துணியை எடுத்துத் தலைக்கு முக்காடு இழுத்தார். அவ்வளவுதான். மார்புப் பட்டி கழுத்துப் பக்கமாக ஏறியது, உடம்பு கீழே வழுக்கியது. நான் முழங்காலை அவர் முதுகுக்குக் கீழே கொடுத்து, அக்குளில் கைவிட்டுப் பிடித்து, "இறக்கு, இறக்கு!" என்று கத்தினேன். மருமகள் இறக்கினார். டீச்சர் என் மடியில் வந்து உட்கார்ந்தார், நான் தரையில் உட்கார்ந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. அக்குளில் இரத்தம் கட்டியிருந்தது. முக்காடு மட்டும் தலையில் சரியாக இருந்தது.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "கையத் தூக்காதீங்கன்னு சொன்னேன்ல டீச்சர்? எத்தன தடவ சொன்னேன்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். என் மடியில் இருந்துகொண்டே, மூச்சு வாங்க, அவர் சொன்னார்: "நான் எங்க புள்ள தூக்கினேன்? அது தானாப் போச்சு."

அந்தத் துணியைத் தரையில் வைத்துத் தூக்க முடியாது, கையால் அவரை எடுக்க எங்கள் இருவராலும் ஆகவில்லை. மருமகள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆண்கள் இருவரைக் கூட்டி வந்தார். அவர்கள் மரியாதையாகத்தான் தூக்கினார்கள், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டிலில் கிடத்தி அவர்கள் வெளியே போகும்வரை திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மகனுக்குச் செய்தி போய்விட்டது. சனிக்கிழமை கண்டிக்குக் கூட்டிப்போக வேன் கொண்டு வருகிறேன், மெஷினைக் கழற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் மாத்தளை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மனதுக்குள் இன்னும் டீச்சரோடு சண்டை. சொன்னால் கேட்க வேண்டாமா, விளங்கிச்சு என்று சொன்னாரே! வழியில் ஒரு பள்ளிவாசலருகே பஸ் நின்றபோது அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முன் சீட்டில் ஒரு பெண், மடியில் தூங்குகிற பிள்ளை, கையில் மரக்கறிப் பை. பையை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, பிள்ளையின் தலை ஆடாமல், நழுவிக் கிடந்த முக்காட்டை இழுத்து விட்டார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, பேச்சை நிறுத்தாமலே அதையே செய்தார். இரண்டு பேருக்கும் தங்கள் கை போனது தெரிந்திருக்காது. இதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை. சொன்னால் விளங்குமா என்று டீச்சரின் புத்தியைச் சோதித்தேன், பலம் உண்டா என்று கைகளைச் சோதித்தேன். யாரும் சொல்லாமலே அந்தக் கைகள் என்ன செய்யும் என்று மட்டும் கேட்கவில்லை. வேறு தேசத்துக் கிழவிகளுக்குப் பொருந்திய துணியை உக்குவளைக்காரிக்குப் போட்டுவிட்டு, அவரைத் திட்டியிருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோயாளர் சாமான் வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன்.

வியாழக்கிழமை டீச்சரிடம், பிழை என்னுடையது என்றேன். "சரி, இனி என்ன செய்ற?" என்று கேட்டார். அவ்வளவுதான். மருமகளுக்கு ஒரு யோசனை இருந்தது: பாங்கு நேரத்தில் தூக்காமல் விட்டால் போதுமே. டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தெருவுக்கு மூணு பள்ளிப் பாங்கு கேக்குது. ஒன்டு முடிய மத்தது. இதில ஒன்ட கையில ஈக்குற போன் வேற பாங்கு சொல்லுது. வாசலுக்கு ஒரு ஆம்புள வந்தாலும் என்ட கை போகும். எல்லாரையும் நிறுத்தி வெச்சிட்டா என்னயத் தூக்கப் போறீங்க?" அப்படியானால் முக்காட்டை முதலிலேயே ஊசி குத்தி வைக்கலாம் என்றார் மருமகள். குத்திப் பார்த்தோம். போனில் பாங்கைப் போட்டார். டீச்சரின் கை மேலே போய், ஊசி சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்தது. மூவரும் சிரித்துவிட்டோம். கைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, கை போகட்டும் என்று விட்டுவிடுகிற துணிதான் வேண்டும் என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

கடையிலிருந்து நான் கொண்டுவந்தது முழு உடம்பையும் ஏந்துகிற வலைத் துணி. தலைவரை உயரும், கைகள் உள்ளே இருக்கும், உட்காரும் பக்கத்தில் மட்டும் ஒரு திறப்பு. நனைந்தாலும் காயும். வளையம் நம் மெஷினின் கொக்கிக்குச் சேருமா, பட்டியில் எழுத்து இருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா, எல்லாம் பார்த்து, டீச்சரின் நாடா சொன்ன அளவுக்கே எடுத்தேன். அவரைப் போடுவதற்கு முன் நானே அதில் படுத்து, மருமகளைத் தூக்கச் சொன்னேன். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கையை உயர்த்தினேன், தலையைச் சொறிந்தேன், பந்தடிப்பதுபோல வீசினேன். நழுவவில்லை. பிறகு மருமகளைத் தூக்கினேன். பயத்தில் கலிமா சொல்லிக்கொண்டே தொங்கினார். "இந்த வீட்டுல எல்லாரும் ஊஞ்சலாடிட்டாங்க, நான் மட்டும்தான் மிச்சம்" என்று டீச்சர் கட்டிலிலிருந்து முறைப்பாடு செய்தார்.

ஆனால் இந்தத் துணியில் ஒரு கஷ்டம் உண்டு. உடம்பை முழுசாக மூடுவதால் அதில் இருந்தபடி கவுனை மேலே சுருட்ட முடியாது. டீச்சர் தன் கவுனின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "ஒங்கட துணியில ஊசி படக்கூடாது. என்ட துணியில படலாம் தானே?" என்றார். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி ஒரு கவுன். படுக்கும்போது இரண்டு பக்கமும் விலக்கிவிட்டால் போதும், முன்னால் பார்க்கிறவருக்கு முழு உடுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டு மருமகள் தைக்க, டீச்சர் படுத்தபடியே அதட்டினார். "முதுகில மடிப்பு வெக்காத, அது குத்திப் புண்ணாக்கும். ஓரத்த உள்ளுக்கு மடி. பிரி, திரும்பப் போடு." வெள்ளிக்கிழமை பூராவும் அந்த அதட்டல் கேட்டது. பயந்து கிடந்த வீட்டில் அது நல்ல சத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் வேலை முறையே மாறிவிட்டது. இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் முதல் நாள் துணி எடுத்துக்கொண்டு போவதில்லை. எடை கேட்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன். எல்கடுவையில் ஒரு பெரியவர், கொழுந்து நிறுக்கும் இடத்தில் காலமெல்லாம் நின்றவர். அந்த வழியாக லொறி போனால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார். யட்டவத்தையில் ஓர் அம்மாவுக்கு, பேரப்பிள்ளை அழுதால் உடம்பே அந்தப் பக்கம் சாயும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் துணி. வீட்டுக்காரர்கள் இந்த அக்காவுக்கு வேலை தெரியாதோ என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு என் வேலை முன்னைவிட நன்றாகத் தெரியும்.

டீச்சர் வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை மகன் வேனோடு வந்தார். தாயின் பெட்டியைக் கட்டச் சொன்னார். "கட்டலாம். அதுக்கு முன்ன நான் கக்கூசுக்குப் போகணும்" என்றார் டீச்சர். மகன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை, நீங்களும் இருந்து பாருங்கள் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு அலுமாரியோரம் நின்றார். புரட்டித் துணியைப் போட்டோம், நாலு வளையத்தையும் மாட்டினோம், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். மருமகள் ரிமோட்டை அழுத்தினார். கட்டிலிலிருந்து டீச்சர் உயர்ந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர், சாமான் தூக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அறை வாசலுக்கே வந்துவிட்டார். டீச்சரின் கைகள் இரண்டும் மேலே போயின. மகன் "உம்மா!" என்று கத்தியபடி பாய்ந்தார். நான் குறுக்கே கையை நீட்டி அவரை நிறுத்தினேன். டீச்சர் முக்காட்டை எடுத்தார், நெற்றிவரை இழுத்தார், காதோரம் செருகினார், ஒரு பக்கம் கூடியிருந்ததைச் சரி செய்தார். துணி அவரைத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. டிரைவர் வெளிவாசலுக்கு ஓடிவிட்டார். "இறக்குங்க மகள்" என்று டீச்சர் மருமகளிடம் சொன்னார், ஒன்றும் நடக்காததுபோல.

கதிரையில் இருத்தி, இடுப்புப் பட்டி போட்டு, கொக்கிகளைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போனோம். கக்கூசில் கதிரையின் நாலு பிரேக்கையும் போட்டேன், வாளியையும் கோப்பையையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். கொண்டி போட வேண்டாம், கூப்பிட்டால் நான் வாசலிலேயே நிற்பேன் என்றேன். "நீங்க எல்லாரும் அங்கால போங்க" என்றார். கதவைச் சாத்தினேன்.

வெளியே நாங்கள் மூவரும் நின்றோம். பிறகு கோப்பையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. ஊற்றும் சத்தம். மீண்டும் மொள்ளும் சத்தம். மருமகள் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். வாளித் தண்ணீர் முடியப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கதவைத் தட்டி, இன்னொரு வாளி வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணும். உள்ளுக்கு வெச்சிட்டுப் போங்க, நிக்க வேணாம்."

நான் நகர்வதற்குள் மகன் வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். நிரப்பிக்கொண்டு வந்தவர், என்னிடம் கொடுத்துவிட்டு, வெளிவாசலுக்குப் போய் டிரைவரை வேனோடு திருப்பி அனுப்பிவிட்டார்.